பலெர்மோவுக்கு இரண்டு நாள்

"நான் பிளேனிலை வரமாட்டன்" என்றாள் சாரங்கி.

விமலாதேவி சோற்றுக் கரண்டியை அப்படியே சட்டிக்குள் போட்டாள்.

"என்னடி சொல்லுறாய்? கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமைதான் கிடக்கு!"

"கலியாணத்துக்கு வருவன். பிளேனிலைதான் வரமாட்டன். கிளிமா, அம்மா."

கிளிமா! டெனிஷில் காலநிலையாம். இந்த வீட்டில் இதுவரைக்கும் காலநிலை என்றால் குடை எடுப்பதா விடுவதா என்பதுதான். கொம்யூனில், அதுதான் நகரசபையில், வேலைக்குச் சேர்ந்த பிறகு மகளுக்கு எங்கிருந்தோ இந்த ஞானம் வந்திருந்தது.

கலியாணம் பலெர்மோவில். இத்தாலியின் தெற்கே, சிசிலித் தீவின் கடற்கரைப் பட்டணம். விமலாவின் கணவர் இராசரத்தினத்தின் தம்பி தேவராசா இருபத்தைந்து வருஷமாக அங்கேதான். அவருடைய ஒரே மகளுக்குக் கலியாணம். டென்மார்க்கின் ரண்டர்ஸில் இருந்து எப்படிப் போவதென்று இராசரத்தினம் லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலமாகப் பார்க்கிறார்.

"பில்லுண்டிலை பிளேன் ஏறி றோமிலை மாறினால், பின்னேரத் தேத்தண்ணிக்கு அங்கை நிக்கலாம்" என்றார் அவர்.

"ரெயினிலையும் போகலாம் அப்பா. விடிய இஞ்சை ஏறினால் பிரெடெரிசியாவிலை மாறி ஹம்பேர்க், பிறகு மியூனிக். அங்கையிருந்து இரவு ரெயினிலை றோம். பிறகு நேப்பிள்ஸ். அங்கை பின்னேரம் கப்பல் ஏறினால் அடுத்த நாள் காலமை பலெர்மோ."

"ரெண்டு பகல், ரெண்டு இரவு!" என்றாள் விமலா. "அனுமார் இலங்கைக்குப் போனதே ஒரே பாய்ச்சலிலை. உனக்கு ரெண்டு நாளோ?"

"நய்" என்றாள் சாரங்கி. இல்லையாம். அவள் டெனிஷுக்கு மாறிவிட்டால் பிறகு ஒரு பேச்சும் எடுபடாது. "நீங்களும் அப்பாவும் பிளேனிலை போங்கோ. எனக்குத் தனியப் போகப் பயம். மாமி துணைக்கு வரட்டும்."

மாமி என்றால் அருமைநாயகி, இராசரத்தினத்தின் அக்கா. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. சாப்பாட்டுக்கு வந்து மேசையின் அந்தப் பக்கம் இருந்தார். கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று ஒரு மாதமாக ஒரே பிடி. முழங்கால் நோவாம். தேவராசாவோ, 'தாய்க்குத் தாயாய் வளர்த்த அக்கா வந்து நிக்காமல் நான் மகளைத் தாரை வார்க்கமாட்டன்' என்று போனில் அழுகிறார். விமலா கெஞ்சாத கெஞ்சல் இல்லை. எயார்போட்டில் சக்கர நாற்காலிகூட ஒழுங்கு செய்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். மச்சாள் அருமைநாயகி மசியவில்லை.

அந்த மச்சாள் இப்போது கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்:

"குமர்ப்பிள்ளையைத் தனிய விடேலாதுதானே. நான் போறன்."

விமலாவுக்கு வாயடைத்துப் போனது. இலேசில் அடைபடுகிற வாயா அது! ரண்டர்ஸில் என்ன கொண்டாட்டம் என்றாலும் மைக்கை அவளிடம்தான் கொடுப்பார்கள். போன வருஷம் எல்லோருமாய் லண்டன் போய் வந்த கதையை ஒரு பிறந்தநாளில் அவள் நடித்துக் காட்ட, மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

குசினிக்குப் போனாள். சாரங்கியின் போன் அங்கே கிடந்து மின்னியது. எட்டிப் பார்த்தாள். பில்லுண்டில் இருந்து ஸ்பெயினின் மலாகாவுக்கு, சாரங்கிக்கும் சிநேகிதிகளுக்கும். அடுத்த மாதம் பதினாலாம் திகதி. பிளேன் டிக்கெற்!

மகளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லையோ? சிநேகிதியளோடை ஸ்பெயினுக்குப் பறக்கேக்கை எங்கை போகும் உன்ரை கிளிமா? நீ படங்காட்டுறதுக்கு முழங்கால் நோவோடை இருக்கிற மனுசியை ரெண்டு நாள் இழுத்தடிக்கப் போறியோ? மனச்சாட்சி இருக்கோடி உனக்கு?"

"மெதுவாக் கதையுங்கோ அம்மா. மாமிக்குக் கேட்கும்."

"கேட்கட்டுமே!"

"மாமிக்கு முழங்காலிலை ஒரு நோவும் இல்லை." சாரங்கி குரலைத் தாழ்த்தினாள். "லண்டன் போகேக்கை அவவின்ரை உடம்புக்கு சீற் பெல்ற் எட்டேல்லையெல்லோ. அந்த ஏர் ஹோஸ்டஸ் நீட்டுப் பெல்ற் ஒண்டு கொண்டு வந்து பூட்டிவிட்டவ. பிறகொரு நாள் மாமி என்னட்டைச் சொல்லி அழுதவ. இனிச் செத்தாலும் பிளேன் ஏறமாட்டாவாம். ரெயினிலை பெல்ற் இல்லை. கப்பலிலையும் இல்லை. 'உங்களுக்காகத்தான்' எண்டு சொன்னால் வருவாவே? அதுதான் கிளிமா எண்டனான்."

விமலாவின் கோபம் பொசுக்கென்று இறங்கியது.

"கடவுளே, இந்தச் சின்ன விசயத்துக்கே மனுசி இவ்வளவு நாளும்... பிளேனிலை ஆர் அதைக் கவனிச்சது? ஒருத்தர்கூடச் சிரிக்கேல்லையே!"

"ஓம், பிளேனிலை ஒருத்தரும் சிரிக்கேல்லை. மண்டபத்திலைதான் சிரிச்சவை. நீங்கள் சால்வையை இடுப்பிலை சுத்தி, எட்டேல்லை எட்டேல்லை எண்டு இழுத்து நடிச்சுக் காட்டேக்கை."

விமலாவுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

"மச்சாளும் சேர்ந்து சிரிச்சவதானே..."

"மைக் உங்கடை கையிலை இருந்தது அம்மா. அவ வேறை என்ன செய்யிறது?"

ஹோலில் இருந்து இராசரத்தினம் கூப்பிட்டார்.

"இஞ்சரப்பா, அப்ப எங்கள் ரெண்டு பேருக்கும் பிளேன் டிக்கெற்றைப் போடட்டே?"

விமலா கதவைத் திறந்தாள். மச்சாள் நிமிர்ந்து பார்த்தார்.

"வேண்டாம்" என்றாள் விமலா. "நாலு பேருக்கும் ரெயினைப் போடுங்கோ."

"ஏன், உமக்கும் கிளிமாவோ?"

"ஓம்."

மச்சாளுக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.