ஒன்பது புள்ளிகள்

பெரிய டாக்டர் தாளை என் பக்கம் தள்ளிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

வார்டில் நோயாளிகளைக் கண்காணிக்கும் திரையின் பதிவு சரியானது என்று அதில் எழுதியிருந்தது. திரையைச் செய்தவன் நான்.

எதிரே சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடமாக இந்த வார்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர். நான் கையெழுத்துப் போட்டால் அவருக்கு வேலை இல்லை.

திரையில் பன்னிரண்டு கட்டங்களில் பன்னிரண்டு நோயாளிகளின் மூச்சும் நாடியும் ஓடும். பார்ப்பவரின் கண் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அது பெரிதாகும். மற்றவை சுருங்கி மங்கும். கண் எங்கே நின்றது என்பதையும் திரையே குறித்து வைக்கும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏழாம் கட்டிலில் இருந்த பெரியவருக்கு மூச்சு இறங்கிய நாலு நிமிடமும் சிஸ்டரின் கண் எட்டாம் கட்டத்தில் இருந்ததாகப் பதிவு சொல்கிறது. பெரியவர் இன்னும் கண் திறக்கவில்லை.

"ஏழாம் கட்டத்தைத்தான் பாத்தேன் தம்பி. பாக்கப் பாக்க அது சின்னதாச்சு. நம்பர் தெரியாமத்தான் எந்திரிச்சு ஓடினேன்" என்றார் சிஸ்டர்.

திரை வந்த முதல் வாரமே இதைச் சொன்னார். ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று பெரிதாகிறது என்றார். போகப் போகப் பழகிவிடும் என்றேன். ஆபீஸில் வந்து, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

ஒன்பது புள்ளிச் சோதனை எல்லோருக்கும் எடுத்தாயிற்றா என்று டாக்டர் கேட்டார்.

தலையாட்டினேன். கையெழுத்தும் போட்டேன். அது எதற்கான சோதனை என்று அறியாத சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆளுக்கு ஆள் கண் வேறு. அதனால் திரையை மாட்டிய அன்று ஒவ்வொரு நர்ஸும் அதன் முன் உட்கார்ந்து ஒன்பது புள்ளிகளைப் பார்க்க வேண்டும். அதை வைத்துத்தான் திரை அவரவர் பார்வையைக் கணக்கிடும். கடைசியாக சிஸ்டரின் முறை. உட்காரப் போனவரை உள்ளேயிருந்து யாரோ நோயாளி கூப்பிட்டார். "இதோ வந்துடறேன் தம்பி" என்று ஓடினார்.

எனக்குப் பசி.

அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய பெயரில், ஒன்பது புள்ளிகளையும் நானே பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.