நாற்பத்தோராவது விபத்து

திரையில் ஹெலிகாப்டர் தலைகுப்புற விழுந்து நொறுங்கியது. ‘விபத்து: 41’ என்று கணினி சிவப்பு எழுத்தில் காட்டியது.

பெரியவர் ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டு, வலித்த கட்டைவிரல்களைத் தேய்த்துக்கொண்டார்.

“மாமா, அதோட மூக்கு உங்களப் பார்த்துத் திரும்பிட்டா இடது வலது மாறிடும். எத்தனை தடவை சொல்றது?” என்றாள் மருமகள்.

“புத்திக்குத் தெரியுதும்மா. கைதான் கேக்க மாட்டேங்குது.”

“எதிர்வீட்டுப் பல் டாக்டர் நாலே நாள்ல கத்துக்கிட்டார்.”

“வாய்க்குள்ள கண்ணாடிய விட்டுப் பார்த்தே வேலை செய்யறவர். இடது வலது மாறுறது அவருக்குத் தண்ணிபட்ட பாடு.”

“ஞாயித்துக்கிழமை கிளப் விழாவுல அத்தனை பேர் முன்னாடி ஹெலிகாப்டர் இப்படி விழுந்தா மானம் கப்பலேறிடும். காய்ச்சல்னு சொல்லிடட்டுமா?”

“நம்ம வீட்ல யாரும் பொய் சொல்லித் தப்பிச்சதில்ல. வாக்குக் கொடுத்தாச்சு. விழுந்தா ஊர் பார்க்கவே விழட்டும்.”

அலுப்போடு மறுபடி ரிமோட்டை எடுத்தார். அரை நிமிடத்தில் நாற்பத்திரண்டு ஆனது.

மேசையில் கிடந்த கிளப் அழைப்பிதழை மருமகள் எடுத்துப் படித்தாள்.

“‘மாதிரி ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டு விழாவைத் தொடங்கிவைப்பவர்: முப்பது ஆண்டுகள் ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டி, ஒரு விபத்துகூடக் காணாத விமானி.’ இவ்வளவு ஓட்டின உங்களுக்கு இது ஏன் மாமா வரல?”

“அப்பல்லாம் நான் உள்ள உட்கார்ந்திருந்தேம்மா,” என்றார் பெரியவர். “அது ஒரு நாளும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்ல.”