ராட்சசனின் மதியச் சாப்பாடு

வாண்டா பென்சிலால் ராட்சசனின் கீழுதட்டை இன்னும் கொஞ்சம் தொங்கவிட்டாள்.

பக்கத்து மேசையிலிருந்து கஸ் எட்டிப் பார்த்தான். காமிக்ஸ் பக்கங்களில் பேச்சுக் குமிழிகளுக்குள் வசனத்தை எழுதுவது அவன் வேலை. பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

“ஏம்மா, அந்தாளுக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா?”

அந்தாள் என்றால் லிண்டாவர். காமிக்ஸின் ஆசிரியர். கதையும் அவர்தான் எழுதுவார். கண்ணாடி அறைக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

போன மாதம் வாண்டாவின் பக்கங்களை எல்லோர் முன்னாலும் விட்டெறிந்தவர். ஷாம்பூ விளம்பரத்துக்குப் பாட்டில் வரையப் போனால் நன்றாக வருவாய் என்று சொன்னவர். ஆனால் மன்ஹாட்டனில் ஒரு பெண்ணை சூப்பர் ஹீரோ வரைய விடுகிற ஆசிரியர் அவர் ஒருவர்தான்.

வாண்டா பென்சிலைச் சீவிக்கொண்டாள்.

இந்த மாதக் கதை பத்தே வரி. சாக்கடையிலிருந்து ஒரு ராட்சசன் நகரத்துக்குள் வருகிறான். முகமூடி போட்ட கேப்டன் ஹார்பர் அவனைத் துரத்திப் பிடித்து, கடைசிப் பக்கத்தில் கொல்கிறார். மீதியை வாண்டா வரைந்துகொள்ள வேண்டும். குமிழிகளை வெறுமையாக விட வேண்டும். படத்தைப் பார்த்துவிட்டு லிண்டாவர் வசனம் எழுதுவார். இங்கே வேலை நடப்பது அப்படித்தான்.

ராட்சசன் எப்படி இருக்க வேண்டும் என்று பத்து வரியில் எங்கேயும் இல்லை.

அவனுக்கு லிண்டாவரின் உதடு. லிண்டாவரின் காதுமயிர். தோளில் தொங்கிய பாசிக்கொடிகளில் இரண்டு கட்டைவிரல்களையும் மாட்டிக்கொண்டு, தொந்தியைத் தள்ளி நின்றான். கால்சட்டையின் தோள்வாரில் விரலை மாட்டிக்கொண்டு லிண்டாவர் நிற்கிற அதே நிற்பு.

ஒன்பதாம் பக்கத்தில் அவன் சாக்கடைக் குழாய்க்குள் தனியாக உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டான். லிண்டாவரும் மதியத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி ஏதோ மீன் சாப்பிடுவார். வாடையை வைத்து அது மத்திதான் என்று அலுவலகம் முடிவு கட்டியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தவர் யாருமில்லை. ராட்சசன் கையிலிருந்த டப்பாவில் ‘மத்தி’ என்று வாண்டா கொட்டை எழுத்தில் எழுதினாள்.

கஸ் ஒவ்வொரு பக்கமாகச் சிரித்துக்கொண்டே வந்தான். ஒன்பதில் சிரிப்பு நின்றது. இது ஒன்றுதான் அவ்வளவு வேடிக்கையாக இல்லை என்று முணுமுணுத்தான்.

வாண்டாவுக்கும் அப்படித்தான் பட்டது. அழித்துவிடலாம் என்று ரப்பரை எடுத்தபோது கண்ணாடிக் கதவு திறந்தது.

லிண்டாவர் பக்கங்களை அள்ளிக்கொண்டு அங்கேயே நின்று புரட்டினார். ஒரு கட்டைவிரல் வாரில்.

வாண்டா ஷாம்பூ பாட்டில்களை நினைத்துக்கொண்டாள். நீளக் கழுத்து. குட்டைக் கழுத்து.

ஒன்பதாம் பக்கத்துக்கு வந்தவர் அதற்கு மேல் புரட்டவே இல்லை.

“இவனக் கொல்ல வேணாம். கடைசிப் பக்கத்த மாத்திக் குடு.”

கொல்வதாகத்தானே கதையில் இருக்கிறது என்றாள். கதையை எழுதியதே தான்தான் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

கஸ் மேசைக்கு அடியில் குனிந்து சிரித்தான். தன்னைப் பார்த்துத் தானே பரிதாபப்படுகிற மனுஷன், அதுவும் யாரென்று தெரியாமலே. சாயங்காலத்துக்குள் விஷயம் மூன்று மாடிக்கும் போய்விட்டது. வேலை தப்பிய நிம்மதியில் வாண்டாவும் சேர்ந்து சிரித்தாள்.

கடைசிப் பக்கத்தைப் புதிதாக வரைந்தாள். கேப்டன் ஹார்பர் ஓங்கிய முஷ்டியை இறக்கி, சாக்கடைக்குள் ராட்சசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் மீன் டப்பா. மேலே இரண்டு வெற்றுக் குமிழிகள்.

திங்கட்கிழமை லிண்டாவர் தோள்வார் இல்லாமல் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தார். கட்டைவிரல்கள் தோள்பக்கம் போய், ஒன்றும் அகப்படாமல், கடைசியில் பைக்குள் இறங்கின. கிழவருக்குத் தொந்தி கரைந்துவிட்டது போல என்றான் கஸ்.

மத்தியானம் வசனம் வந்தது. கஸ் விசிலடித்தபடி குமிழிகளை நிரப்பிக்கொண்டு போனான். கடைசிப் பக்கத்தில் விசில் நின்றது. எழுதி முடித்துவிட்டு, அதை வாண்டா பக்கம் திருப்பினான்.

கேப்டன் ஹார்பருக்கு லிண்டாவர் ஒரு சொல்கூடக் கொடுக்கவில்லை. பேசியது ராட்சசன் மட்டும்தான்.

“மத்தி இல்ல, ஹெர்ரிங். பாதி வேணுமா?”