கண்ணாடிக்குள் அலுமினிய டம்ளர்

செங்கல்பட்டில் நினைவகமாகிவிட்ட, மறைந்த அரசியல் தலைவர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் நெளிந்த அலுமினிய டம்ளர் ஒன்று விளக்கு வெளிச்சத்தில் மின்னுகிறது. "எளிமையா இதுலதான் தலைவர் தண்ணி குடிப்பாரு," என்று விளக்குகிறாள் அங்கே வேலை செய்யும் வைஷாலி. பார்வையாளர்களின் பின்னாலிருந்து சந்திரம்மா சிரித்துவிடுகிறாள். அறுபது வயதிருக்கும். "அய்ய, அது எங்க நைனா டம்ளரும்மா. இந்த வூட்டு மாட்டுக்கொட்டாய்ல முப்பது வருசம் சாணி அள்ளுனாரு. டம்ளரு கொல்லையில ஆணியில தொங்கும். எட்ட நின்னு தண்ணி ஊத்துவாங்க. உங்க தலைவரு அதத் தொட்டதே இல்ல. மாடு மிதிச்ச நெளிவு அப்பிடியே கீது பாரு." செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்தவர் கையைத் தாழ்த்துகிறார். வைஷாலி பெட்டியின் மேலிருக்கும் 'தலைவர் பயன்படுத்திய டம்ளர்' என்ற பலகையைக் காட்டுகிறாள். "இங்க எழுதியிருக்குல்ல?" சந்திரம்மாவின் சிரிப்பு நின்றுவிடுகிறது. "ஒரே ஒரு தபா கையில குடு கண்ணு. புடிச்சிப் பாத்துட்டுத் தந்துர்றேன். அவுரு நெனப்பா எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல." அவள் விரல்கள் கண்ணாடியில் பதிகின்றன. வைஷாலி மஞ்சள் துணியை எடுத்து, விரல் தடங்களை ஒவ்வொன்றாக அழுத்தித் துடைக்கிறாள். "எட்ட நின்னு பாருங்கம்மா." எவ்வளவு தூரம் என்று சந்திரம்மா கேட்கவில்லை. மூன்றடி பின்னால் போய் நிற்கிறாள்.