நான்கு மணி நேரம்

ஒரே ஒரு டிக்.

மற்ற பதினேழு பேருக்கும் இரண்டு விழுந்துவிட்டது. சிலருக்கு நீலமாகவும் ஆகிவிட்டது. சுடலையாண்டிக்கு மட்டும் ஒன்று.

வரவேற்பறையில் அவள் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தால் இன்னொன்று முளைத்துவிடும் என்பதுபோல.

விடிவதற்குள் டயாலிசிஸ் நிலையத்தின் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் படுத்துவிட்டது. அது ஓடாமல் ஒரு படுக்கையும் ஓடாது. காலை முறைக்கு வர வேண்டியவர்களை மூன்று கிளைகளுக்குப் பிரித்து, ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாள். சுடலையாண்டிக்கு நாங்குநேரிக் கிளை. ஒன்பதரைக்குள் போய்விட வேண்டும்.

வாட்ஸ்அப் போய்ச் சேரவில்லை என்றால் எஸ்எம்எஸ் தானாகப் போகும். அந்த ஏற்பாடு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் ஒன்றரை மணி நேரம் மற்ற வேலைகளைப் பார்த்தாள்.

ஏழரைக்குத்தான் உறைத்தது.

எஸ்எம்எஸ் உடனே போகாது. நான்கு மணி நேரம் காத்திருந்துதான் போகும்.

அப்படி வைத்ததே அவள்தான்.

போன மாதம் ஒரே செய்தி இரண்டு வழியிலும் போய், இரண்டு தடவை வரச் சொன்னதாக நினைத்து ஒரு அம்மாள் இரண்டு நாள் வந்து நின்றாள். திட்டு வாங்கியது வரவேற்பறையில் இருந்த இவள். அதனால் வாட்ஸ்அப் போய்ச் சேர நான்கு மணி நேரம் விட்டு, அதிலும் சேராவிட்டால்தான் எஸ்எம்எஸ் போகும்படி வைத்தாள். அதே செய்தி மறுபடி போகாதபடி ஒரு தடையும் போட்டாள். மேலாளர் எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார். இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்தது.

மறுபடி அனுப்பிப் பார்த்தாள். இந்தச் செய்தி ஏற்கெனவே வரிசையில் உள்ளது என்றது திரை. செய்தி அனுப்பும் கம்பெனியைக் கூப்பிட்டாள். அலுவலக நேரம் காலை பத்து மணி முதல் என்றது ஒரு இனிமையான குரல்.

சொந்தப் போனில் எஸ்எம்எஸ்ஸாகத் தட்டச்சு செய்து அனுப்பினாள். அது போனது. போய் என்ன பயன்?

சுடலையாண்டிக்கு வாசிக்கத் தெரியாது. அவர் மனைவி பேச்சியம்மாளுக்கும் தெரியாது. மகன் துபாய் போகும்போது பெரிய போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சிம் மட்டும் பட்டன் போனுக்கு மாறியது. பஸ்ஸுக்கு நிற்கும்போது டீக்கடைக்காரரிடம் போனை நீட்டுவார். வந்ததையெல்லாம் அவர் படித்துச் சொல்வார். இதைச் சுடலையாண்டியே அவளிடம் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

அவர் பஸ் ஆறு நாற்பதுக்கு.

ஆறு மணிக்கே எஸ்எம்எஸ் போயிருந்தால் டீக்கடைக்காரர் படித்திருப்பார்.

அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. பதினொரு தடவை அழைத்தாள். போன் பேச்சியம்மாளின் பையில் துண்டுக்கு அடியில் கிடக்கும். பஸ்ஸில் பாட்டு அலறும். பஸ் நம்பர் தெரிந்தால் டெப்போவிலாவது கேட்டிருப்பாள்.

நாங்குநேரியில் கெஞ்சினாள். ஒன்பதரை வரை படுக்கையைப் பிடித்து வைப்பதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் வேறு ஆள். அடுத்து நாளை மதியம்தான். அரசு மருத்துவமனையிலும் கேட்டாள். வரிசை நீளம், ரொம்ப மூச்சு வாங்கினால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள்.

இன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமையிலிருந்து சேர்ந்த நீரெல்லாம் அவர் உடம்பில்தான் இருக்கும். நாளை மதியம் வரை அது அங்கேயே இருக்கும்.

அவளுக்கு அழுகை வந்தது. அழக்கூட நேரமில்லை என்று கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒன்பதரை ஆனது.

பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது சுடலையாண்டி வந்தார். வாசலில் இருப்பது மூன்றே படி. ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். முகம் உப்பியிருந்தது. செருப்பு வார் பாதத்தில் பதிந்து கிடந்தது. அவளைப் பார்த்ததும் வழக்கம்போலத் தலையசைத்துவிட்டு, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார்.

காலி நாற்காலிகளைப் பார்த்தாள் பேச்சியம்மாள்.

"இன்னைக்கு நாமதான் மொத ஆளு போல" என்று சந்தோஷப்பட்டாள்.

எப்படித் தொடங்குவது என்று வரவேற்பறைப் பெண்ணுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தாள்.

பேச்சியம்மாளின் பைக்குள் டொங்கென்று ஒரு சத்தம்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து.

பேச்சியம்மாள் துண்டை விலக்கிப் போனை எடுத்தாள். எட்டத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவளிடமே நீட்டினாள்.

"என்னமோ வந்திருக்கு தாயி. என்னன்னு பாத்துச் சொல்லு."

அவள் வாங்கினாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கணினியில் பதினெட்டாவது வரியும் பச்சையானது. சென்றடைந்தது.

போனில் அவள் எழுதிய வாசகம், எழுத்துப் பிசகாமல். அதற்குக் கீழே அவளே ஏழரைக்கு அனுப்பியது, திறக்காமல்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு படித்தாள். இன்று இங்கே வர வேண்டாம். ஒன்பதரைக்குள் நாங்குநேரிக் கிளைக்குச் செல்லவும்.

பேச்சியம்மாளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாங்குநேரியிலயா? அந்த ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புலதான் தாயி பஸ்ஸு பத்து நிமிசம் நின்னுச்சு. நான் எறங்கி டீ குடிச்சேன். இவுகளுக்குத்தான் தண்ணி ஆகாதே, உள்ளேயே இருந்தாக."

சுடலையாண்டிக்கு மூச்சு வாங்கும் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை போலிருந்தது.

அவர் ஊசி ஏற்றும் இடது கைச் சட்டையை மேலே மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.