காய்ந்த தாள்

இந்திராணியின் உடம்பு வலிக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் வைத்தார்கள். எந்தப் பரிசோதனையிலும் தெரியாத வலியை வீட்டில் யாரும் நம்பவில்லை. ஓரகத்தி பூங்கோதை கண்ணைக் கசக்கினால் போதும், வீடே ஓடிவரும்.

கண் எரிச்சலுக்காகப் பூங்கோதையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போன கண் மருத்துவமனையில், கண்ணீரை அளக்க இந்திராணியின் கீழிமைகளில் தாள் துண்டுகளைச் செருகினார்கள். எடுத்தபோது அவை சருகாகக் காய்ந்திருந்தன.

“கண்ணீரே சுரக்கலம்மா. இந்த எரிச்சல எப்படித்தான் தாங்குனீங்களோ!” என்றார் டாக்டரம்மா.

முதன்முறையாக ஒரு பரிசோதனை அவள் பக்கம் பேசியது. அவள் நிமிர்ந்து உட்கார்வதற்குள், “ஐயோ, அக்கா!” என்று பூங்கோதை ஓவென்று அழுதாள். நர்ஸ் தண்ணீர் எடுக்க ஓடினாள். டாக்டரம்மாவும் எழுந்துபோய்ப் பூங்கோதையின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

“அவளுக்கும் ஒண்ணு வைங்க டாக்டர்,” என்றாள் இந்திராணி. “எம்புட்டு நனையுதுன்னு நானும் பாக்கணும்.”