மேற்கு மலைப் பச்சிலை

அந்தக் காட்டில் பாம்புக்கடிக்கு வைத்தியம் பார்த்தது கரடி. ஒருநாள் கடிபட்ட மான் ஒன்று அதன் முன்னால் நடுங்கியபடி படுத்திருந்தது. கரடி வழக்கமான வேரை எடுத்தபோது, மைனா ஒரு பச்சிலையோடு பறந்து வந்தது.

"அந்தக் கசப்பு வேரை விடுங்க அண்ணே. மேற்கு மலையில இப்ப எல்லாருக்கும் இந்தப் பச்சிலைதான். இதைத் தின்னு பிழைச்சவங்க எத்தனையோ பேர்கிட்ட நானே பேசிட்டு வந்தேன். எல்லாரும் புகழுறாங்க."

கரடி இலையை முகர்ந்து பார்த்தது. "தின்னும் பிழைக்காதவங்க?"

"அப்படி யாரும் எங்கிட்ட வந்து சொல்லலையே" என்றது மைனா.

பட்டமரத்தில் பிணந்தின்னிக் கழுகு ஒன்று மானைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. கரடி அண்ணாந்து கேட்டது. "நீ மேற்கு மலையிலதானே இருக்கே? இந்த இலை எப்படி?"

கழுகு அலகைக் கிளையில் தேய்த்துக்கொண்டது.

"ரொம்ப நல்ல இலை. அது வந்ததுலேருந்து நான் ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை."

கரடி வேரை அரைத்து மானுக்குப் புகட்டியது. மான் மெல்ல எழுந்து நிற்கும்வரை காத்திருந்த கழுகு, மேற்கு மலைக்கே திரும்பிப் பறந்தது.